மாற்றிப் பாடிய டூயட்

1

இந்தக் கதை கல்பனா அக்காவிடமிருந்து வந்தது. ஒரே மூச்சில் வரவில்லை. திருபுவனையில் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் திரும்பும்போது, கண்டமங்கலத்தில் நெரிசலில் நின்றால் ஒரு வாக்கியம், அரியூர் தாண்டினால் இன்னொரு வாக்கியம் என்று பல நாட்களாக உதிர்ந்தது. நாங்கள் இருவரும் ஒரே பேக்கிங் செக்‌ஷன். நாள் முழுக்க நின்ற கால்களோடு அவர் சொல்வார்; நாள் முழுக்க நின்ற கால்களோடு நான் போனில் தட்டிக்கொள்வேன். ஆகவே இதில் கொஞ்சம் கால்வலி இருக்கும்.

"எழுதிக்கோ விஜி. ஆனா என்ன பாவமாட்டம் காட்டாத. எவளாச்சும் உச்சுக் கொட்டினா உன்னத்தான் கேப்பேன்" என்றார்.

தொடக்கத்தையே பலமுறை எழுதிவிட்டேன்.

மலையுச்சியில் மூடுபனி ஒரு திரைச்சீலையைப் போல... (விட்டுவிட்டேன். நான் மலையே பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் கரும்பு லாரி திணறி ஏறும் ஏரிக்கரைதான்.)

இசைக்கு எல்லை இல்லை என்பார்கள்... (யார் சொல்வார்கள்? அடித்தாயிற்று.)

கடைசியில் ஒரு ஃப்ளெக்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

வில்லியனூர் கடைத்தெருவில், காய்கறிக் கடைக்கு எதிரே அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. இன்னிசை: மதகடிப்பட்டு ஷரீப் மெல்லிசைக் குழு. கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கல்பனா நிமிர்ந்து பார்த்தார்.

ஷரீப் மைக்கைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவள் கட்டியிருந்த பச்சைப் பட்டு கல்பனாவுடையது. மைக்கைப் பிடித்த இடது கையும், கையிலிருந்த வளையலும் கல்பனாவுடையவை. தலை மட்டும் வேறு. நெட்டப்பாக்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தியின் முகத்தை வெட்டிக் கல்பனாவின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

(கழுத்தில்தான் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைக்கக் கூசியிருப்பேன்.)

கல்பனாவும் ஷரீப்பும் பல வருடங்களாக ஜோடிப் பாடகர்கள். ஷரீப்புக்கு மதகடிப்பட்டில் செருப்புக் கடை. மாலையானால் கடையை மனைவி சபிஹாவிடம் விட்டுவிட்டுப் பாடக் கிளம்பிவிடுவார். பாகூர் கோயில் திருவிழா, விழுப்புரம் கல்யாண மண்டபம் என்று எங்கே கூப்பிட்டாலும் இருவரும் போவார்கள். மேடையில் அவர்கள் உருகும் காதலர்கள். கீழே இறங்கினால் "டீ குடிக்கிறியாம்மா?", "வேணாம் ண்ணா." அவ்வளவுதான்.

தைராய்டுக் கட்டியை எடுத்த பிறகு குரல் திரும்பி வந்தது. ஆனால் இறங்கி வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் காற்றுதான் மிஞ்சியது. "ரெஸ்ட் எடு, நானே கூப்புடறேன்" என்று சொன்ன ஷரீப் கூப்பிடவேயில்லை. கல்பனாவும் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ்தான் சொன்னது.

அவர் கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு ஒதியம்பட்டுக்கு வந்து குழம்பு வைத்தார். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த கணவர் அரிகரனிடம் சோறு போடும்போது சொன்னார். அரிகரன் யோசித்து, "டிசைன் பண்றவன் அவசரத்துல பண்ணியிருப்பான்" என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கல்பனா எதிர்பார்க்கவும் இல்லை.

3

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக ஷரீப்பும் கல்பனாவும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் கோடையில், மேற்கே ஒரு மலையூரில் சில இளைஞர்கள் பாட்டுத் திருவிழா ஏற்பாடு செய்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம். கானாவும் வீணையும் பறையும் கிதாரும் ஒரே மேடையில் என்பது அவர்கள் திட்டம். பாகூர் திருவிழாவில் யாரோ போனில் எடுத்த பழைய வீடியோ ஒன்று அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கல்யாணக் கச்சேரிப் பாட்டும் ஒரு வகைதான், இந்த அண்ணனும் இந்த அக்காவும்தான் வேண்டும் என்றார்கள்.

ஷரீப், சபிஹாவோடு ஒதியம்பட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். சபிஹாதான் பேசினார்.

"கல்பனா, மலையில பாட்டுக் கச்சேரியாம். உங்க ரெண்டு பேரத்தான் கேக்கறாங்க."

"இன்னா, அந்தப் பொண்ணு வரலியா?"

"அதுவும் நல்லாத்தான் பாடுது. அவங்க உன்னத்தான் கேக்கறாங்க."

"அத உங்க வூட்டுக்காரு சொல்லட்டும். வாய் இருக்குதில்ல?"

ஷரீப் நிமிர்ந்தார். "வரியாம்மா?"

"என் கொரலு பழைய கொரலு இல்ல ண்ணா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் தலைய வெட்டினீங்க."

ஷரீப்பின் கையிலிருந்த டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. "சொல்லலாம்னு ரெண்டு வாட்டி ஒதியம்பட்டு ஸ்டாப்பு வரைக்கும் வந்தேன். வண்டிய திருப்பிக்கினு போயிட்டேன்."

தோட்டத்துப் பக்கமிருந்து அரிகரன் குரல் கொடுத்தார். "போயிட்டு வாயேன். இங்க வெயிலு மண்டையப் பொளக்குது."

ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று நான் கேட்டேன். கல்பனா அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவரு வாயால கூப்புட்டாரு. போதும்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, போதல."

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். முதல் வரைவில் ஷரீப்பை வில்லனாக எழுதியிருந்தேன். தங்கப்பல், அத்தர் வாசனை, கள்ளச் சிரிப்பு. படித்துப் பார்த்தால் எங்கோ பார்த்த சினிமா மாதிரி இருந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதகடிப்பட்டுக்குப் போய், அவர் கடையில் செருப்பு வேண்டும் என்றேன்.

பல் எல்லாம் சாதாரணப் பல். வழுக்கைத் தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர் குனிந்து உட்கார்ந்து, நான் போட்டிருந்த செருப்பின் நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "வெரல்ல இடிக்குதாம்மா? நின்னுக்கினே வேலை பாக்கறவங்களுக்கு ஒரு சைஸ் பெருசா போடணும். எங்க வேலை?"

திருபுவனை என்று கம்பெனியைச் சொன்னேன். அவர் விரல் நின்றது.

"அங்க கல்பனான்னு... ஒதியம்பட்டு. நல்லாருக்குதா?"

நல்லாருக்காங்க என்றேன். தலையாட்டிவிட்டு வேறு ஜோடி எடுக்கப் போனார். வந்து வெகுநேரம் வேறு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த வரைவை அழித்துவிட்டேன். வில்லன் போனதில் கதையின் முதுகெலும்பும் போயிற்று. இனிமேல் இது தைரியமில்லாத ஒரு மனிதனின் கதை. அவனை எப்படி வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கல்பனா அக்காவுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் அவருடைய அலுப்பு.

5

மலையில் மழை. மேடை நனைந்துவிட்டதால் பாட வந்தவர்கள் எல்லோரையும் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து கானாப் பையன்கள். சால்வையைத் தனக்குப் போர்த்தாமல் வீணைக்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. ஈரத்தில் தொய்ந்த பறையைத் தீ மூட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்த ஆதிமூலம் குழுவினர். ஷில்லாங்கிலிருந்து வந்த கிதார்ப் பிள்ளைகள். கோவாக்காரர் ஒருவர் சாக்ஸபோனை மடியில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"எல்லா சங்கீதமும் ஒண்ணுதாண்டி" என்றார் கல்பனா அக்கா என்னிடம். "காத்துக்கினு கெடக்கறது. முதுகு வலிக்கிறது. பாத்ரூம் எங்கன்னு தேடறது."

(என் இரண்டாவது தொடக்கம் இதைத்தான் சொல்ல முயன்றது போலும்.)

பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் ஒத்திகை. கீபோர்டு வாசிக்கும் எழிலரசன் பழைய சுருதியில் ஆரம்பித்தான். அது எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு பாட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் தன் கூந்தலில் பூ வைத்துவிடச் சொல்லுவாள், ஆண் வைத்துவிடுவான், அந்த ரகம். பெண்ணின் வரி மேலே ஏறும் இடத்தில் கல்பனாவின் குரல் அறுந்தது.

சுருதியை இரண்டு கட்டை இறக்கினார்கள். கல்பனாவுக்கு எட்டியது. ஷரீப்பின் வரி கிணற்றுக்குள் போய்விட்டது. ஒரு கட்டை இறக்கினால் இருவருக்குமே வரவில்லை. எழிலரசன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கல்பனா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மாத்திப் பாடலாம். ஆம்பள வரிய நான் எடுத்துக்கறேன். எனக்கு ரெண்டு கட்டை ஏத்தி வெச்சா சரியா நிக்கும். பொம்பள வரிய நீங்க கீழ் ஸ்தாயில பாடுங்க ண்ணா."

ஷரீப் சிரிக்க முயன்றார். "பூ வெச்சி வுடுன்னு நான் பாடறதா? வீடியோ எடுப்பாங்கம்மா. மதகடிப்பட்டுல நான் கடை தொறக்க வேணாமா?"

"அந்தப் பொண்ணக் கூட்டியாங்க அப்ப. நான் வண்டியில உக்காந்துக்கறேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஷரீப் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு எழிலரசனைப் பார்த்து, "ஏத்துப்பா" என்றார்.

6

மழை விட்ட பிற்பகலில் அவர்கள் முறை வந்தது. புல்வெளியில் பிளாஸ்டிக் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பூ வைத்துவிடச் சொல்லும் வரியை, மயிரே இல்லாத தலையோடு, ஷரீப் பாடினார். எதிர்பார்த்த சிரிப்பு எழுந்தது. போன்கள் எழுந்தன. ஷரீப்பின் காதுகள் சிவந்துபோயின. அவர் நிறுத்தவில்லை, குரலைக் குழைத்துக் கோமாளித்தனம் பண்ணவும் இல்லை. தன் குரலிலேயே, வரி எப்படியோ அப்படியே பாடினார். பதிலுக்குக் கல்பனா ஆணின் வரியை எடுத்தார். தணிந்து, நிதானமாக, கனமாக வந்தது குரல். சிரிப்பு மெல்லத் தேய்ந்தது. கானாப் பையன்கள் விசிலடித்தார்கள்.

"என் கொரலு எனக்கே புதுசா இருந்திச்சிடி. யாருது இதுன்னு பாத்தேன். நல்லாதான் இருந்திச்சி."

இரண்டாம் சரணம். அதில் பெண் கேட்பாள்: சொல்லாமல் ஏன் போனாய்? ஆண் சொல்லுவான்: தப்பு என்மேல்தான், பொறுத்துக்கொள்.

மாற்றிப் பாடியதில் இதுவும் மாறிப்போயிற்று.

சொல்லாமல் ஏன் போனாய் என்று ஷரீப் மைக்கைப் பார்த்தபடி பாடி முடித்தார். கல்பனா வாயைத் திறந்தார். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டார்.

எழிலரசன் அதே இசைத்துண்டை மறுபடி வாசித்தான். கல்பனா பாடவில்லை. மறதி என்று நினைத்து அவன் கண்ணால் சாடை காட்டினான். இன்னொரு முறை வாசித்தான். அவர் மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷரீப் திரும்பி அவரைப் பார்த்தார். எந்த வரியைப் பாடாமல் நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் முறை அந்த வரியை ஷரீப் எடுத்தார். அவருடைய பழைய வரிதான், ஆனால் இரண்டு கட்டை மேலே. அவருக்கு எட்டாத உயரம். 'தப்பு' என்ற இடம் வரை ஏறினார். 'பொறுத்துக்கொள்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த குரலோடே வரியை முடித்தார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வேண்டுமென்றே அமைத்த இடம் என்று நினைத்துவிட்டார்கள். கீழே இறங்கியதும் ஆதிமூலம் கல்பனாவிடம் கேட்டார்: "அந்த எடம் முன்னாடியே பேசி வெச்சிக்கினதாம்மா?"

"ஆமா" என்றார் கல்பனா.

(இங்கே கல்பனா அக்காமீதே எனக்குச் சந்தேகம். இத்தனை வருடம் பாடிய பாட்டு. வரிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று வகுப்பறையில் சொன்னபோது இரண்டாம் சரணம் அவருக்கு ஞாபகமில்லாமலா இருந்திருக்கும்? கேட்டேன். "பாடறப்ப எவடி அர்த்தத்தப் பாக்கறா? தாளத்தத்தான் பாப்போம்" என்றார். நம்பினால் இது விபத்து. நம்பாவிட்டால், பொறுமையாக ஒரு மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வாக்கியங்கள் ஒன்றேபோல் இருந்தன.)

7

மறுநாள் வேன் இறங்கி வந்தது. வழியில் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மதகடிப்பட்டில் இறங்கிய ஷரீப் நாலு எட்டு நடந்துவிட்டு, திரும்ப ஜன்னலுக்கு வந்தார்.

"ஆவணியில பாகூர்ல ஒரு கல்யாணம் வருது. இதேமாதிரி மாத்தியே பாடலாம்னு பாக்கறேன். வரியாம்மா?"

கல்பனா என்ன பதில் சொன்னார்?

'வரேன் ண்ணா' என்று எழுதினேன். அதற்கு மேல் இருவரும் ஊர் ஊராகப் போய்ப் புகழ்பெற்றார்கள். சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. அழித்தேன்.

'அந்தப் பொண்ணையே கூப்புடுங்க' என்று எழுதினேன். எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் அது என் ரோஷம். பாட்டை விட்டுவிட்டு பேக்கிங்கில் நிற்கப்போவது அவர்தானே, நான் எப்படி அதை...

'யோசிச்சி சொல்றேன்' என்று எழுதினேன். இது அவருடைய தயக்கமா, என்னுடைய சோம்பலா என்று பிரிக்க முடியவில்லை.

சரி, கேட்டே விடலாம் என்று இன்று வண்டியில் ஏறியதும் கேட்டேன். "அக்கா, ஷரீப் அண்ணனுக்கு இன்னா சொன்னீங்க?"

இன்று லோடு அதிகம். ஷிப்ட் முழுக்க அவருக்கு உட்காரவே முடியவில்லை. காலை நீட்டிக்கொண்டு, "அரியூர் வரட்டும், சொல்றேன்" என்றார்.

அரியூர் வந்தது. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். வெயில் நேரே முகத்தில் அடித்தது. என் சாப்பாட்டுப் பையை ஒரு கையால் ஜன்னலில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மறு கையால் இதைத் தட்டுகிறேன், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒதியம்பட்டு வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. நான் எழுப்புவதாக இல்லை. உங்களுக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், இந்தப் பக்கமாக வந்து நீங்களே அவர் தோளைத் தொடுங்கள்.

மெதுவாக.