சந்தனம் வைத்த மெஷின்

எங்கள் வீட்டுக்காரர் வீரராகவனுக்குத் தூங்குவதற்கு இடம், நேரம் எதுவும் கிடையாது. போன ஆடி மாதம் அம்பத்தூர் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே தூங்கிவிட்டார். பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். பச்சை விழுந்துவிட்டது, பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான், இவர் அசையவே இல்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "இன்னா மே?" என்று திரும்பிக் கேட்டாரே தவிர, தூங்கியதை ஒப்புக்கொள்ளவில்லை.

பகல் இந்த லட்சணம் என்றால் ராத்திரி வேறு கதை. குறட்டையைப் பற்றி நான் புகார் சொல்லமாட்டேன். கல்யாணமான புதிதில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன், பிறகு பழகிவிட்டது. குறட்டை நிற்கும்போதுதான் பயம். திடீரென்று சத்தம் அடங்கிவிடும், கூடவே மூச்சும். நான் எழுந்து உலுக்கினால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். பக்கத்தில் படுத்திருப்பவருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவள் எங்கே தூங்குவது? எங்கள் கள்ளிக்குப்பத்தில் நான் தைக்கும் ஜாக்கெட்டுக்கு நல்ல பேர் உண்டு. தூக்கமில்லாமல் தைத்துத் தைத்து, வலது கை ஒரு அளவும் இடது கை ஒரு அளவுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்கவேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லாமல் போயிற்று.

சிக்னல் கூத்துக்குப் பிறகு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி, தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறதாம், ஸ்லீப் ஆப்னியா என்று பேர். மூக்கில் ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டால், மெஷின் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சீபாப் மெஷின் என்றார்கள். "தினமும் போடணும், பகல்ல படுத்தாலும் போடணும்" என்றார் டாக்டரம்மா. நான் தலையாட்டினேன். நோயாளி சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் ரகளை ஆரம்பித்தது. பட்டை மண்டையை இறுக்குகிறது, வாய் காய்கிறது, வாயைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று வெளியே வருகிறது. மீசையைக் கொஞ்சம் குறைத்தால் ஓரத்தில் காற்று ஒழுகாது என்று மெஷின்காரர் போனில் சொன்னார். மீசைக்குப் பதில் மூச்சையே விட்டுவிடுகிறேன் என்றார் இவர்.

"மூஞ்சில குழாய மாட்டினு தூங்கறதுக்கு நா இன்னா ஆஸ்பத்திரிலயா கீறேன்? இது என் ஊடு மே!"

"அந்த ஊட்ல நீ உசுரோட கீறதுக்குத்தான்யா இது."

நான் பார்க்கும்வரை மாட்டியிருப்பார். கொஞ்சம் கண் அசந்தால் கழற்றித் தலையணைக்கு அடியில் செருகிவிடுவார். முன்பு மூச்சுக்குக் காவல், இப்போது மாஸ்க்குக்கும் காவல் என்று ஆயிற்று என் பிழைப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது, அதை மட்டும் அவருக்குக் காட்டவில்லை.

மாஸ்க் நிலைத்திருந்த நாட்களில் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தார். கேட்டால், "ராவுல மழ பெய்ஞ்சுதுல்ல, அதான்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீசை ஓரத்தில் லேசாகக் குறைந்திருந்தது. நானும் அதைப் பார்க்காததுபோலக் காபியை நீட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அவர் ஓட்டும் லேத் மெஷினுக்குப் பூஜை போட்டுவிட்டு, பொரி பாக்கெட்டோடு வருவதற்குள் நான் வீட்டில் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தேன். தையல் மெஷினுக்கு மாலை. மணையில் கத்தரிக்கோல், மிக்ஸி, அவருடைய ஸ்பானர்கள். கை சும்மா இருக்காமல் சீபாப் மெஷினையும் கொண்டுவந்து மணையில் வைத்தேன். இந்த வீட்டில் ராத்திரியெல்லாம் வேலை செய்வது அது ஒன்றுதானே. மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ. சாம்பிராணியும் தாராளமாகக் காட்டினேன். மரியாதை கொடுத்தால் அவரும் மதிப்பார் என்று ஒரு நப்பாசை.

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் மணையைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"சாமிகிட்ட வெச்சிட்டியா? அப்ப நாளைக்கிக் காலைல வரைக்கும் யாரும் தொடக் கூடாதே!"

எனக்குச் சுருக்கென்றது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் எடுக்கும்வரை தொடுவதில்லை, எங்கள் வீட்டு வழக்கம் அது. அதில் நான் மகா கறார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி ஜாக்கெட்டுக்கு ஒரே ஒரு கொக்கி வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினாள், கத்தரிக்கோல் சாமிகிட்ட இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அதற்கு இவரே சாட்சி. டாக்டரை நினைத்தேனா, மாஸ்க்கை நினைத்தேனா? சந்தனக் கிண்ணத்தோடு என் புத்தியையும் எங்கேயோ வைத்துவிட்டேன்.

மத்தியானம் வடை, பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு மனுஷன் ஜெயித்த களையோடு படுத்தார். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே காதைத் தீட்டினேன். குறட்டை ஆரம்பித்தது, ஏறியது, நின்றது. சோப்புக் கையோடு ஓடிப்போய் உலுக்கினேன். புரண்டு படுத்தார். மறுபடி நின்றது, மறுபடி ஓடினேன். சாமியாவது சம்பிரதாயமாவது, எடுத்து மாட்டிவிடலாம் என்று நான் முடிவுக்கு வரும்போது அவரே எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மணைக்கு முன்னால் போய் நின்றார்.

"தூக்கம் சரியா வர்ல" என்றார்.

"ஏன்? குழாயும் இல்ல, பட்டையும் இல்ல, ராசா மாதிரி தூங்க வேண்டிதுதான?"

"தொண்டய அடைக்குது மே. பழகிப்போச்சு போல." மெஷினைக் கையால் காட்டினார். "அத்த எடுத்துக் குடேன்."

வாங்கிய நாளிலிருந்து அவராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா?

"சாமிகிட்ட வெச்சதாச்சே. கோச்சுக்கினா?"

"சாமிக்கு நா சொல்லிக்கிறேன், நீ எடு."

சொன்னபடியே கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் பூவை எடுத்துவிட்டு, காற்று இழுக்கும் பக்கத்தில் இருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். பட்டையை அவரே மாட்டி, அவரே ஸ்விட்சைப் போட்டார். உடனே மாஸ்க்கைத் தூக்கினார்.

"சாம்பிராணி வாசன வருது மே!"

"புண்ணியம்தான், தூங்கு."

சிரித்துக்கொண்டே படுத்தார். மூச்சு சீராக, ஒரே அளவாகப் போய் வந்தது. முதுகு நிமிரட்டும் என்று நானும் பக்கத்தில் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது அறை இருட்டியிருந்தது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. அதைவிட, அவர் மூச்சைக் கேட்காமல் இவ்வளவு நேரம் தூங்கிவிட்டேனே என்று பதறிப்போய்ப் பக்கத்தில் தடவினேன். படுக்கை காலி. வாசலில் சாமுண்டீஸ்வரியின் குரல் கேட்டது.

"அண்ணே, அக்காவக் கொஞ்சம் கூப்டேன்."

"மெதுவா பேசு. அவ தூங்கினு கீறா."

"நல்ல நாளும் அதுவுமா, வெளக்கு வெக்கிற நேரத்துலயா?"

"வெளக்கு நா வெச்சிட்டேன். என்னால அவ தூங்கி எத்தினி வருஷமாச்சு தெரிமா? எழுப்ப மாட்டேன், நாளைக்கி வா."

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் படுத்தியிருக்கிறார். எழுந்து போய் நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன்.