பதினோரு நிமிடம்

கொள்கை ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி, நான்கு மாதம் பேருந்து நிலையங்களில் கால்கடுக்க நின்று அந்த அறிக்கையை எழுதினான். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஓட்டுநர் கழிப்பறைக்குப் போய்வரப் பதினோரு நிமிடம் வேண்டும் என்பதே அதன் சாரம். அவனுடைய அக்காவும் பேருந்து ஓட்டுபவள்தான். வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்காமல் சிறுநீரகத்தில் கல் வந்து படுத்தவள். அறிக்கை பலிக்காவிட்டால் கேலி செய்வாள் என்று அவளிடம் அவன் மூச்சுவிடவில்லை.

இயக்குநர் அறிக்கையின் அட்டையைக் கிழித்தார். அவன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதோடு போயின.

"நம்ம பேர் இருந்தா அந்த எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. தொடவே மாட்டார். பேரில்லாம அனுப்புவோம். தன்னோட யோசனைன்னே அவர் நினைச்சுக்கட்டும்."

"அப்ப நான் யாரு சார்?"

"சம்பளம் வாங்குறவன்."

ஏழு மாதம் கழித்து, நிறுவனத்தை எப்போதும் ஏசும் அந்த எதிர்க்கட்சி உறுப்பினர் சட்டமன்றத்தில் மேசையைத் தட்டினார். "பத்து இல்ல, பதினோரு நிமிஷம்." பார்வையாளர் மாடத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் எழுதிய வரி அடுத்தவர் தொண்டையில் அந்த மண்டபத்தையே நிறைத்தது. சட்டம் நிறைவேறியது.

மறுமாதம், நிலையத்தில் நின்றிருந்த அக்காவின் பேருந்தில் ஏறினான். அவள் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுவந்த சட்டம்டா. நீயும்தான் ஆபீஸ்ல உக்காந்து என்னத்தக் கிழிக்கிற?"

அவன் பாட்டில் காலியாகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.