களிம்பு

கிணறு வெட்டப் போன இடத்தில் பச்சைக் கல் கிடைத்ததிலிருந்து திருஞானசம்பந்தம் பிள்ளைக்குத் தண்ணீர் நினைப்பே போய்விட்டது. அது செம்புக் கல் என்று எவனோ ஒரு துரை குதிரையை விட்டு இறங்காமலே சொல்லித் தொலைத்தான். சேரன்மகாதேவிக்கு மேற்கே, மலையடிப் புஞ்சையில், பிள்ளை அந்தக் கிணற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து, பச்சை ரேகையின் பின்னாலேயே போனார்.

அவர் மனைவி உலகம்மாளுக்குத் தெரிந்த பச்சை ஒன்றுதான்: செம்புப் பானையில் பூக்கும் களிம்பு. அது வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் பிள்ளை வீடு திரும்பியதும் புளியைக் கரைத்து, அவர் கையை நகக்கண் வரை தேய்த்துவிட்டுத்தான் இலை போடுவாள்.

"ஏட்டி, நான் என்ன செம்புப் பானையா?" என்று அவர் சிரிப்பார்.

ஐப்பசி அடைமழையில் சுரங்கத்தின் கூரை இறங்கியது. களிம்புக்குப் பயந்தவளின் புருஷனைக் கொன்றது வெறும் செம்மண்.

மறுநாள்தான் தோண்டி எடுத்தார்கள். குளிப்பாட்டி, திருநீறு பூசி, மாலையும் போட்டாகிவிட்டது. வாய்க்கரிசி போட உலகம்மாளைக் கூப்பிட்டார்கள். அரிசியைக் கையில் அள்ளியவள் அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை அப்படியே இருந்தது. அரிசியைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள்.

"நேரமாவுது, போடுங்க மதினி," என்றான் கொழுந்தன் ஐயம்பெருமாள்.

"கை களுவாம அவுகளுக்கு நான் ஒரு நாளும் சோறு போட்டதில்ல," என்றாள் உலகம்மாள். "யாராவது கொஞ்சம் புளி கரைச்சுக் கொண்டாங்க."