தலைக்கு மேல் பொன்னாடை

ஆனி மாதம் முதல் வாரம், மேலகரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது, என் காரின் உள்கூரைத் துணி கழன்று தலையில் வந்து உட்கார்ந்தது. முதலில் பிடரியைத் தொட்டது. பிறகு உச்சியில் படிந்தது. காவல் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். ஆறடி உயரம். எந்த மேலதிகாரி முன்னாலும் முதுகை வளைத்ததில்லை. ஒரு முழத் துணிக்காகவா வளைக்கப்போகிறேன்? நிமிர்ந்தபடியே வீடு வரைக்கும் ஓட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரமும் அப்படித்தான் ஓட்டினேன். இடதுகையால் துணியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, வலதுகையால் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பழகிவிட்டது. முக்காடு போட்ட மாதிரி இருக்கிறதென்று தெருவில் யாரோ சொன்னார்களாம். என் மனைவி உமாராணி வந்து சொன்னாள். யார் என்று கேட்டதற்குப் பெயர் சொல்ல மறுத்துவிட்டாள். அது அவளேதான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படியே விட்டிருப்பேன். ஆனால் மகள் ஸ்வாதிக்கு சிவகிரியிலிருந்து வந்த சம்பந்தம் கூடிவந்தது. பையன் மணிமுத்து ராணுவத்தில் இருக்கிறான். அவன் அப்பா உச்சிமாகாளி, குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தேதி குறிப்பதாக ஏற்பாடு. அவரை ஐந்தருவியிலிருந்து என் காரில் நானே அழைத்துவருவதாகப் போனில் சொல்லிவிட்டேன். மனிதர் மரியாதை விஷயத்தில் என்னைப் போலத்தான். சுரண்டையில் ஒரு வீட்டில் தனக்கு முன்னால் தன் தம்பிக்குக் காப்பி கொடுத்துவிட்டார்கள் என்று, பேசி முடித்த சம்பந்தத்தையே விட்டு எழுந்து வந்தவர். அப்படிப்பட்டவருடைய தலையில் அழுக்குத் துணி தொங்கினால் என்ன ஆகும்? மகன் சுபாஷ் தன் காரை எடுத்துப்போகச் சொன்னான். அது அவன் மாமனார் வீட்டில் கொடுத்தது. அதில் என் சம்பந்தியை ஏற்றுவதற்குப் பதில் நடந்தே கூட்டிவரலாம்.

தென்காசியில் எபனேசர் குஷன் கடை வைத்திருக்கிறார். கதவைத் திறந்து, தொங்கிய துணியை இரண்டு விரலால் தூக்கினார். மஞ்சள் தூள் மாதிரி என் சட்டையில் கொட்டியது.

“துணிக்கு உள்ள இருக்க ஃபோமு பொடியாயிட்டு அண்ணாச்சி. மொத்தமா உரிச்சுட்டுத்தான் ஒட்டணும். இந்தக் கலரு துணி மதுரையில இருந்து வரணும், அஞ்சு நாள் ஆவும்.”

எனக்கு இருந்தது மூன்றே நாள். கையில் என்ன துணி இருக்கிறது என்று கேட்டேன். ஒன்று சிவப்பு வெல்வெட்டில் ரோஜாப்பூ. மற்றது சிறுத்தைப்புலித் தோல் மாதிரி. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சிறுத்தைப்புலிக்குக் கீழே உட்கார்ந்து சம்பந்தம் பேசுவது நடக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலைதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டுப் பீரோவில் நாற்பத்தோரு பொன்னாடைகள் இருக்கின்றன. பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடைத் திருவிழா, ஓய்வுபெற்றோர் சங்கம் என்று ஊர் எனக்குப் போர்த்தியவை. ஒவ்வொன்றிலும் உமாராணி ஒரு துண்டுச் சீட்டைக் குத்திவைத்திருப்பாள். போர்த்தியது யார், எந்த ஊர், எந்தத் தேதி. பிறகு நாம் யாருக்காவது போர்த்தும்போது, கொடுத்தவருக்கே அது திரும்பிப் போய்விடக் கூடாதே. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வெளியே யாரும் சொல்வதில்லை.

சந்தன நிறம், நல்ல ஜரிகை, கெட்டித் துணி. மரியாதை தலைக்கு மேலே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கடைக்காரர் கண்ணில் சீட்டுகள் படுவது கௌரவக் குறைவு என்பதால், முதலில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். அதன் பிறகுதான் நிறம் ஒத்துப்போகிற மூன்றைப் பொறுக்கினேன்.

“எது யாரு போட்டதுன்னு பாக்காம எடுக்குதீயளே,” என்றாள் உமாராணி.

எல்லாம் எனக்குப் போட்டதுதானே என்றேன். அவள் சீட்டுகளை ஒரு டப்பாவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எபனேசர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஜரிகை நீளவாக்கில் வருமாறு ஒட்டிக் கொடுத்தார். திருவிழாச் சப்பரம் மாதிரி இருந்தது. சாரல் காலத்தில் பசை சட்டென்று காயாது, நாலு நாள் கண்ணாடியை இறக்கிவைத்து நிறுத்திப்போட வேண்டும் என்றார்.

“ஈரத்தோட மட்டும் ஆள ஏத்திராதீய அண்ணாச்சி. ஆவி பட்டா விட்டுரும்.”

மறுநாள் காலையில் நான் ஐந்தருவியில் இருந்தேன்.

உச்சிமாகாளி உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவியில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தலையைத் துவட்டச் சொல்லலாமா? சம்பந்தியாகப் போகிறவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? கதவைத் திறந்துவிட்டேன். அவர் குடும்பத்தார் பின்னால் வேனில் வந்தார்கள். இவர் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் போலவே நிமிர்ந்து உட்காருகிற மனிதர். வெளியே சாரல், கண்ணாடியை ஏற்றினேன். உள்ளே நல்லெண்ணெய் வாசமும் வெக்கையும் சேர்ந்து கண்ணாடி மங்கியது.

சீசன் எப்படி, நெல் எப்படி என்று பேசிக்கொண்டு வந்தோம். குற்றாலம் கடைவீதியில் கூட்டத்துக்காக நின்றபோது அவர் தலையைச் சாய்த்து மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணாச்சி. இந்த மாங்கா பார்டர் நான் உங்களுக்குப் போட்டதுல்லா?”

வைகாசியில் பெண் பார்க்க வந்தபோது அவர் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்தான். ஒரு காப்பிக்கு எழுந்துபோனவர், இதற்கு என்ன செய்வார்? ஸ்வாதி முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பையனோடு அவள் போனில் சிரித்துப் பேசுவது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“மாங்கா பார்டர் எல்லாக் கடையிலயும் உண்டுல்லா அண்ணாச்சி,” என்றேன். முப்பத்து நான்கு வருடச் சர்வீஸில் இவ்வளவு பலவீனமான வாக்குமூலத்தை நான் பதிவுசெய்ததில்லை.

“இது அதேதான். அன்னா பாருங்க, ஓரத்துல ஓட்டை. எங்க கோயில் கொடையில கற்பூரம் தெறிச்சுப் பட்டது.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் கணக்குப் போட்டேன். அவர்கள் கொடை சித்திரையில். எனக்குப் போர்த்தியது வைகாசியில். யாரோ அவருக்குப் போர்த்தி, கற்பூரம் பட்டு, ஓட்டையோடு மடிந்து என் தோளுக்கு வந்திருக்கிறது. கோபம் வரவேண்டிய இடம்தான். வந்துகொண்டும் இருந்தது. அப்போது, அன்றைக்கு நான் அவருக்குப் பதிலுக்குப் போர்த்தியது எந்தப் பீரோவிலிருந்து வந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

அவர் இடது பக்க ஜன்னலைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். மேலகரம் தாண்டியது. வைப்பர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் திரும்பும்போது பின்பக்கம் பட்டென்று சத்தம் கேட்டது. எனக்குப் பழக்கமான சத்தம். பிடரியில் ஈரம் பட்டது. பிறகு மூன்று பொன்னாடைகளும் நிதானமாக இறங்கி, இரண்டு பேர் தலையிலும் ஒன்றாகப் படிந்தன. நான் இடதுகையால் என் நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு ஓட்டினேன். அவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்து, அதே மாதிரி ஏற்றிவிட்டுக்கொண்டார். குனியவில்லை.

வாசலில் உமாராணி ஆரத்தித் தட்டோடும், ஸ்வாதி அவள் பின்னாலும் நின்றார்கள். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

“சம்பந்தி,” என்றார் உச்சிமாகாளி. அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. “எறங்கணும்னா குனியணும்லா?”

“நீங்க மொதல்ல எறங்குங்க சம்பந்தி.”

“வீட்டுக்காரரு நீங்கள்லா மொதல்ல.”

உமாராணி குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். ஒரே ஜரிகைக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். வெளியே, ஆரத்தித் தட்டில் எரிந்த கற்பூரத்தைச் சாரல் படாமல் உமாராணி கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.