லுஹர் பாங்குக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்

றமழான் பிறந்து மூன்றாம் நாள். மடவளையில் கைரியாவின் கணவர் முனாப் பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. நீட்டினால், "நான் நோம்பு" என்று தட்டிவிடுவார். போன மாதம் உடம்பில் நீர் வற்றித்தான் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை வற்றினால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

முனாபைப் பிடித்திருந்த அல்சைமர் ஞாபகத்தை மட்டும் தின்னும் நோயில்லை என்பதையும் அவர்தான் படம் கீறி விளக்கினார். மூளையின் அடியில் பாதாம் பருப்பளவில் ஹைப்போதலமஸ் இருக்கிறது. இரத்தத்தில் உப்பு கூடினால் அங்குள்ள நரம்புக் கலங்கள் தாகத்தைக் கிளப்பும். தாங்கியில் தண்ணீர் குறைந்ததும் மிதவை இறங்கிக் குழாயைத் திறக்கிறதே, அதுபோல. மிதவை பழுதானால் தாங்கி வற்றுவது வீட்டுக்குத் தெரியாது. முனாபுக்குத் தாகமே எடுப்பதில்லை. அதே இடத்தில் பகலையும் இரவையும் கணிக்கும் கலங்களும் உண்டு. அவையும் அழிந்துகொண்டு வந்தன.

இந்த இரண்டாவதை யோசித்துத்தான் கைரியா நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால் பேரீச்சம்பழமும் இரண்டு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு நண்பகலும் அந்தியும் ஒன்றுதான். அந்தியில் பாங்கு கேட்டால் நோன்பு திறக்கும் பழக்கமோ அறுபது வருடம் ஊறியது.

கணவரின் தங்கை றலியா வாசலிலேயே நின்றுவிட்டாள். "பட்டப்பகல்ல என்ன மதினி இது? நானாட நோம்ப ஏமாத்தி முறிக்கவா?"

"நோயாளிக்கு நோம்பு கடமையில்ல. உங்கட நானா வத்திப் போய் மௌத்தாகணுமா?"

பாங்கு ஒலித்தது. முனாப் நிமிர்ந்து உட்கார்ந்து பழத்தை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் கைரியாவைப் பார்த்தார்.

"நீ தொறக்கல்லியா?"

"நீங்க தொறங்க."

"பொண்டாட்டியப் பாக்க வெச்சிட்டுத் தின்ன நான் என்ன ராசாவா?" பழம் தட்டுக்குத் திரும்பிவிட்டது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் பழம் எடுக்காமல் அவர் நோன்பு திறந்ததில்லை. அவர் மறக்காத அதை அவள்தான் மறந்திருந்தாள்.

"விட்டுடுங்க மதினி. உங்கட நோம்பும் போகப் போகுது."

"போகட்டும். பெருநாள் முடிஞ்சதும் விட்ட நோம்பையெல்லாம் களாப் புடிப்பன். மிச்சம் அத்தனையும் எண்டா அத்தனையும்."

பிஸ்மி சொல்லி கைரியா ஒரு கிளாஸை எடுத்து மூன்று மிடறு குடித்தாள். முனாப் மற்றக் கிளாஸை எடுத்து, அடி தெரியும்வரை குடித்தார்.

"பின்னேரம் அஸருக்கும் பாங்கு சொல்லுவாங்க," என்று கைரியா கிளாஸ்களை றலியாவின் கையில் கொடுத்தாள். "கழுவித் தாங்க."