கிரேக்கத்தில் சொன்னவருக்கே சொந்தம்

கோயம்புத்தூரில் ஒரு வேதாகமக் கல்லூரி. அங்கே கிரேக்கம் நடத்திய அன்புமணி ஐயாவிடம் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. யார் மேசையிலிருந்தாவது ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவார். உடையவன் உடனே ‘என்னுடையது’ என்று கிரேக்கத்தில் உரிமை கோர வேண்டும். எமோஸ், எமே, எமோன். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இரண்டுமல்லாததற்கு ஒன்று. திணறினால் போச்சு. முந்திச் சொன்னவனுக்கே பொருள், திருப்பிக் கேட்கக் கூடாது.

இந்த ஆட்டத்தில் ஆல்வினை அடிக்க ஆளில்லை. உடன் படித்த வம்சியின் குடை, கைக்கடிகாரம், அக்கா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு எல்லாம் அவன் அறைக்கு வந்து சேர்ந்திருந்தன. செருப்பையாவது கொடு என்று வம்சி கெஞ்சியபோது, படித்துவிட்டு வா என்று சிரித்தான். அத்தனை திமிர். அந்தத் திமிருக்கு அடியில் ஒரு பொய்யும் கிடந்தது. தன் அம்மா பல்லடத்தில் தலைமையாசிரியை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவன் அம்மா குழந்தையம்மாள் அங்கே கோழிப்பண்ணையில் எரு அள்ளிக்கொண்டிருந்தாள்.

மகனுக்குப் பிறந்தநாள் என்று விடியலிலேயே குழம்பு வைத்து, அரை நாள் லீவு போட்டு, பண்ணையிலிருந்து நேரே பஸ் ஏறிவிட்டாள் அந்த அம்மாள். வகுப்பு வாசலில் வந்து நின்றபோது சேலை ஓரத்தில் எருக்கறை, கையில் குழம்புத் தூக்குப்போசி. முன் பெஞ்சில் யாரோ மூக்கைப் பொத்தினார்கள்.

“ஏனுங்க, என்ர பையனப் பாக்க வந்தேனுங்க.”

ஐயாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. “இந்தம்மா யாருக்குச் சொந்தம்? கிரேக்கத்துல சொல்லுங்க பார்க்கலாம்.”

வகுப்பே சிரித்தது. தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள். ஜன்னலோரத்து பெஞ்சில் மகனைக் கண்டதும் போசியைத் தூக்கிக் காட்டினாள்.

ஹே எமே மேத்தேர். என் அம்மா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆல்வின் சொல்லுவான். சொன்னால் அந்தத் தலைமையாசிரியை அங்கேயே செத்தாள். படுபாவி, தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தைப் புரட்டினான்.

அவள் பார்வை போன திசையை வம்சி பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நிதானமாக எழுந்து, “ஹே எமே மேத்தேர்” என்று பிசகில்லாமல் சொன்னான். ஆல்வினைப் பார்த்துக்கொண்டே போய்ப் போசியை வாங்கிக்கொண்டான். ஐயா கைதட்டினார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன் பெஞ்சு அன்புச்செல்விதான் மனசு கேட்காமல் எழுந்து போய், இது விளையாட்டு, சொந்தம் என்று முதலில் சொல்கிறவருக்கே எல்லாம் என்று விளக்கிவிட்டு, உங்கள் பையன் யார் என்று கேட்டாள். குழந்தையம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் இன்னும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“இங்க இல்லீங்க அம்மணி. எடம் தப்பி வந்துபோட்டேன்.”

ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடு கண்ணு என்று வம்சியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். ஜன்னலருகே வந்ததும் நின்றாள். ஆல்வின் நிமிர்ந்தான். பெற்ற நாள் முதல் அவனை வாடா, போடா என்றே கூப்பிட்ட வாய் அது.

“வாரேனுங்க சார்” என்றாள்.