ஜோசிமாரின் வலப்பக்கம்

தேசியப் படகு அணியின் தேர்வாளர் வரப்போகிறார் என்பது எங்கள் தெரு ஜோசிமாருக்கு முன்பே எனக்குத் தெரியும். கடிதம் கொண்டுவருபவர் என் வீட்டில்தான் தண்ணீர் குடிப்பார். அவனுக்கு வந்த உறையும் மெல்லியது, வெயிலில் பிடித்தால் போதும். இரட்டையர் படகில் வலப்பக்கம் துழாவ ஆள் தேவை, உங்கள் படங்களைப் பார்த்தோம், நேரில் வருகிறோம் என்றிருந்தது.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இந்தப் படகில் ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு, அந்த முழங்கால் இருக்கும் பக்கம் மட்டும்தான் துழாவ முடியும். எங்கள் பாஹியா மாநிலத்துக் கோன்டாஸ் ஆற்றில் ஜோசிமார் பதின்மூன்று வருடமாகத் துழாவுவது இடப்பக்கம்.

அவன் படங்களை இன்ஸ்டாகிராமில் போடும் தங்கை லுசினேய்டைப் பிடித்தேன். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம்.

"கண்ணாடில தெரியற மூஞ்சிதான் அண்ணனுக்குப் பிடிக்கும்க்கா. அதான் எல்லாப் படத்தையும் திருப்பிப் போடறேன்."

"துடுப்பும் சேர்ந்து திரும்புமேடி!"

"துடுப்ப யாருக்கா பாக்கறா? பொண்ணுங்க தோளைல்ல பாக்கறாங்க."

ஒருவர் துடுப்பைப் பார்த்துவிட்டார். ஜோசிமாருக்கோ இருபத்தாறு வயது. அணிக்குள் நுழைய இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று நினைத்தான். தேர்வாளர் வர இருந்த மூன்றே வாரத்துக்குள் பக்கம் மாறப் புறப்பட்டான். சுட்ட சோளத்தோடு தெருவே வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போனது. ஏறினான், விழுந்தான், ஏறினான், விழுந்தான்.

"டேய், மீனுக்கு முத்தம் குடுத்தது போதும், ஒண்ணையாவது பிடிச்சுட்டு வா!" என்றார் மீன்காரர் துர்வால்.

தேர்வாளர் அனீசியோ வந்த நாள், பாஹியாவின் நடுப்பகல் வெயில். ஜோசிமார் முழு பேன்ட்டில் நின்றான். ஏன் என்று எனக்கே புரியவில்லை. அனீசியோவுக்குப் புரிந்தது.

"தம்பி, பேன்ட்ட முட்டிக்கு மேல ஏத்து."

"குளிருதுங்க."

கரையே சிரித்தது. வேறு வழியின்றிச் சுருட்டினான். இடது முட்டி பலாத்தோல். வலது முட்டி பாதிரியார் கன்னம்.

"நீ இடப்பக்கத்துக்காரன்."

"நான்தாங்க படத்தத் திருப்பினேன்," என்று லுசினேய்ட் அழ ஆரம்பித்தாள்.

"நான் சொல்லித்தான் செஞ்சா," என்றான் ஜோசிமார். "இடப்பக்கத்துக்கு ஆள் இருக்கா?"

"இருக்கான். ஐநூறு மீட்டர், ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி." அனீசியோ பெருமூச்சு விட்டார். "ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கேன். ஏறு, உன் பக்கத்துலயே காட்டு."

அவன் போன வேகத்தில் துர்வாலே வாயை மூடிக்கொண்டார். அது அரிது.

"ஐம்பத்தஞ்சு," என்றார் அனீசியோ. "மூணு நொடி அதிகம். மார்ச்சுல தேர்வு இருக்கு, வேணும்னா வா."

"ஐயா, சாப்பிட வாங்க, மீன் குழம்பு ஆறிடும்," என்று கூப்பிட்டேன். இன்னும் கேட்க எவ்வளவோ இருந்தது. அவரும் எழுந்தார்.

ஜோசிமார் கரையேறவில்லை. படகைத் தொடக்கக் கோட்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவ பாருங்கய்யா!"

அனீசியோ என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்து கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நான் கரைக்கே கொண்டுவந்திருந்த குழம்புச் சட்டியை மூடிவிட்டு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.